தலைவர் வந்தாச்சு, பறையை நிறுத்து!

தோழர்களே,

டிசம்பர் கடைசி வாரம். நம் இதழுக்கு மெய்ப்புப் பார்க்க வரும் கல்லூரித் தம்பி, ஒரு ஆங்கிலப் பத்திரிகைப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து என் மேசைமேல் போட்டான். ‘வரும் ஆண்டில் கவனிக்க வேண்டிய பத்து இசைக் குழுக்கள்’ என்று தலைப்பு. வழுவழுத்தாளில் பத்துப் படம். கிடார், கறுப்புக் கண்ணாடி, கலைத்துவிட்ட முடி. “இந்தப் பத்துல நம்ம ஆளுங்க எத்தன பேருன்னு எண்ணிப் பாருங்கண்ணே. நாமளும் ஒரு பட்டியல் போடணும். தலையங்கமாவே போடுங்க” என்றான்.

போடலாம் என்று ஒத்துக்கொண்டேன். மார்கழி வந்தால் சபாக்காரர்களுக்குப் பட்டியல் உண்டு. சினிமாக்காரர்களுக்கு உண்டு. நமக்கு ஏன் இருக்கக்கூடாது? ராத்திரி பேனாவும் தாளுமாக உட்கார்ந்தேன். முதல் பெயர் எழுத வேண்டும். போன ஏப்ரல் 14 அன்று எங்கள் ஊரில் பறையடித்த அந்தப் பிள்ளைகளின் குழுவை எழுதலாம் என்று பேனாவை வைத்தால், குழுவின் பெயர் ஞாபகத்துக்கு வரவில்லை. நோட்டீசை எடுத்துப் பார்த்தேன். அதிலும் இல்லை.

அந்த நோட்டீசை அடித்தது யார்? நான்தான்.

அதனால் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் அந்த ராத்திரியைச் சொல்கிறேன்.

எட்டுப் பேர் வந்தார்கள். ஆறு பையன்கள், இரண்டு பெண்பிள்ளைகள். எல்லாம் பக்கத்துச் சேரி. பாதிப் பேர் கல்லூரி, மீதிப் பேர் கூலிவேலை. சாயங்காலம் ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருந்தோம், நாலரைக்கே வந்துவிட்டார்கள். வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார்கள். தோல் விறைத்து ‘கிண்’ணென்று பேசியது. அடித்தார்கள். தெருவே கூடிவிட்டது. கூட்டம் சேர்ந்ததும், “போதும்பா, பேச்சாளர் ஆரம்பிக்கணும்” என்றோம். பேச்சாளர் முடித்ததும், “தலைவர் இன்னும் வரல, கொஞ்சம் அடிங்க” என்றோம். சூடு ஆறிப் போயிருந்தது. மறுபடி காய்ச்சினார்கள். இப்படி மூன்று தடவை. மூன்றாவது தடவை அவர்கள் ஆட்டம் உச்சத்துக்குப் போயிருந்தது. குனிந்து நிமிர்ந்து எட்டுப் பேரும் ஒரே காலாக மிதித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது தெருமுனையில் கார் விளக்கு தெரிந்தது. மைக்கில் ஒரு குரல்: “தலைவர் வந்தாச்சு, பறையை நிறுத்து!”

அடிக்குச்சி அந்தரத்தில் நின்றது. இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கூட்டம் முடிந்தது. ஆளுக்கொரு பொட்டலம், பஸ்சுக்கு என்று எட்டுப் பேருக்கும் சேர்த்து ஐந்நூறு ரூபாய். மைக்செட்டுக்காரருக்கு மூவாயிரம் கொடுத்திருந்தோம், பேரம் பேசாமல். பணத்தை வாங்கிக்கொண்ட அந்தப் பெண்பிள்ளை என்னிடம் கேட்டாள்: “சாவுக்கு அடிச்ச எங்க தாத்தாவுக்கும் பேரு கெடையாதுண்ணே. பறைக்காரன்னுதான் கூப்புடுவாங்க. நீங்க நோட்டீசுல ‘பறையாட்டம்’னு போட்டிருக்கீங்க. என்ன வித்தியாசம்?”

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

இந்த வெட்கத்தோடுதான் பட்டியலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

பட்டியல் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. சட்டம் நம்மை அழைப்பதே பட்டியல் என்றுதான். அதற்கும் முன்னால் வேறு ஒரு பட்டியல் உண்டு. 1931 ஜூனில் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்து ஆதிக்க சாதியார் கூடி ஆதிதிராவிடர்களுக்கும் தேவேந்திரகுல வேளாளர்களுக்கும் பதினொரு தடைகள் விதித்தார்கள். அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் ஹட்டன் பதிந்து வைத்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே துணி கட்டாதே, நகை போடாதே, பிள்ளையைப் படிக்க வைக்காதே என்று நீளும் அந்த வரிசையில் இன்னொன்றும் இருக்கிறது. கல்யாணத்திலும் விசேஷத்திலும் மேளம் வைக்கக்கூடாது. ஊரான் வீட்டு இழவுக்கு நம் கை அடிக்க வேண்டும், நம் வீட்டுத் தாலிக்கு மேளம் கொட்டக்கூடாது. இசை யாருக்குச் சொந்தம் என்பது ரசனைப் பிரச்சினை அல்ல, அதிகாரப் பிரச்சினை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இந்த அறிவோடு மேசைமேல் கிடக்கும் அந்தப் பத்தைப் பாருங்கள். ‘வளர்ந்து வருகிறவர்கள்’ என்று போட்டிருக்கிறார்கள். நாம் எப்போது வளர ஆரம்பித்தோம்? அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அறிவித்த அன்றைக்குத்தான் பல பேருக்குப் பறைக்கும் ஆசான் உண்டு என்று தெரிந்தது. அதற்கு முன்னால் எத்தனை பிள்ளைகளின் கையில் அவர் குச்சியைக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்! அவன் கண்ணில் பட்ட நாள்தான் நாம் பிறந்த நாள் என்று எழுதுவது, கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் அமெரிக்கா இருந்தது என்று சொல்வது மாதிரி.

இருந்தாலும் ஒன்றை மறுக்க முடியாது. இந்தச் சில ஆண்டுகளில் புதிதாக ஏதோ நடந்திருக்கிறது.

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு மேடை. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து திரட்டிய பத்தொன்பது பேர் அதில் ஏறினார்கள். பெயர் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. அயோத்திதாசப் பண்டிதர் நூறு வருசத்துக்கு முன்னால் நமக்குச் சூட்டிய ‘சாதியற்றவர்’ என்கிற அடையாளத்திலிருந்து எடுத்த பெயர். வடசென்னைக் கானாவும் டோலக்கும் சட்டியும் கட்டமோளமும் ஒரு பக்கம், கிடாரும் ராப்பும் மறுபக்கம். சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடிவிட்டு விடியற்காலையில் குவார்ட்டர் காசோடு அனுப்பப்பட்ட கானாக்காரன், இட ஒதுக்கீட்டையும் மலக்குழி மரணத்தையும் ஆயிரக்கணக்கான பேருக்கு நடுவில் நின்று பாடினான். 2020 டிசம்பரில் அதே மையம் ‘மார்கழியில் மக்களிசை’ தொடங்கியது. மார்கழி அவங்க அப்பன் வீட்டுச் சொத்தா என்று கேட்காமல் கேட்ட கேள்வி அது.

அந்தப் பத்தொன்பது பேரில் ஒருத்தி இசைவாணி. ஆம்பளைகள் கோட்டையாகக் கிடந்த கானாவுக்குள் புகுந்த வடசென்னைப் பொண்ணு. 2020இல் பிபிசி உலகின் நூறு பெண்களில் ஒருவராக அவரைச் சேர்த்தது. இன்னொருவர் அரக்கோணத்து அறிவு. 2019இல் ‘தெருக்குரல்’ என்று ஒரு தொகுப்பு, 2021 மார்ச்சில் தீ என்கிற பாடகியோடு சேர்ந்து பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளை அந்தப் பாட்டுக்குள் உட்கார வைத்தார் அறிவு. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். தோட்டத்து மக்களை ஒரு வார்த்தை கேட்காமல் லட்சக்கணக்கில் பங்கு பிரித்தார்கள். எந்தப் பாடப்புத்தகம் நம் பிள்ளைகளுக்கு அதைச் சொன்னது? கோடிக்கணக்கான தடவை கேட்கப்பட்ட ஒரு பாட்டு, கேட்டவனைத் தேட வைத்தது.

அப்புறம் என்ன நடந்தது? 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ பத்திரிகை, ‘என்ஜாய் எஞ்சாமி’, ‘நீயே ஒளி’ என்கிற இரண்டு பாட்டுகளைச் சொல்லி அட்டைப்படம் போட்டது. இரண்டுக்கும் வரி எழுதியவர் அறிவு. அட்டையில் அறிவு இல்லை. கண்டனம் கிளம்பிய பிறகுதான் அவரையும் சேர்த்து இன்னொரு அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். மேடையில் அறிவு இல்லை. மாரியம்மாள் நம் மண்ணின் குரல், அவர் அங்கே நின்றது நமக்குப் பெருமை. யார் எவ்வளவு உழைத்தார்கள் என்று அந்தப் பாட்டில் வேலை செய்தவர்களுக்குள் எழுந்த வாக்குவாதத்துக்குத் தீர்ப்புச் சொல்வதும் என் வேலையல்ல. நான் பார்ப்பது ஒன்றைத்தான். பாட்டு எவ்வளவு தூரம் போனாலும், வழியில் எங்கேயோ ஒரு பெயர் தவறி விழுகிறது. விழுகிற பெயர் எப்போதும் யாருடையது என்பதைக் கவனியுங்கள்.

கவனி! இந்தச் சொல்லையும் கொஞ்சம் பார்ப்போம். பத்திரிகைக்காரன் ‘கவனிக்க வேண்டியவர்கள்’ என்கிறான். நம்ம தெருவில் ‘கவனிச்சுக்கிறேன்’ என்றால் அர்த்தம் வேறு. அலுவலகத்தில் ‘கவனிங்க’ என்றால் லஞ்சம். ஸ்டேஷனில் ‘நல்லா கவனிச்சு அனுப்பு’ என்றால் லத்தி.

நம் பாடகர்களை அரசு அப்படித்தான் கவனித்திருக்கிறது. டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடியதற்காக 2015 அக்டோபரில் ம.க.இ.க. பாடகர் கோவனைத் தேசத்துரோக வழக்கில் பிடித்துப் போனார்கள். புனேயில் தலித், உழைக்கும் வர்க்க இளைஞர்கள் 2002க்குப் பிறகு நடத்திவந்த கபீர் கலா மஞ்ச் பாடகர்கள் மூன்று பேரை, பீமா கோரேகான் வழக்கில் 2020 செப்டம்பரில் கைது செய்து ஆண்டுக்கணக்கில் சிறையில் வைத்தார்கள். டேப்பு வாசித்தவன் கைக்கு விலங்கு. அரசு மட்டுமா? கோயிலுக்குள் போகும் பெண்ணின் உரிமையைப் பற்றி இசைவாணி பாடிய பழைய பாட்டை, பல வருசம் கழித்து 2024 நவம்பரில் தோண்டி எடுத்தது ஒரு கும்பல். அவர் கைபேசியே நரகமாகிற அளவுக்கு மிரட்டினார்கள். வளர்ந்து வரும் கலைஞர் என்று பட்டியல் போட்ட எத்தனை வழுவழுத்தாள் பத்திரிகை அன்றைக்கு அந்தப் பெண்ணுக்காகத் தலையங்கம் எழுதியது?

ஆகவே, கவனிப்பது என்றால் கூடவே நிற்பது. நமக்கு வேறு அர்த்தம் வேண்டாம்.

இப்போது அந்தத் தம்பி கேட்ட பட்டியல். பத்துப் பெயரை வரிசைப்படுத்தி ஒன்று, இரண்டு என்று நம்பர் போட மாட்டேன். யார் மேலே, யார் கீழே என்று ஏணி போடுகிற வேலையை இந்த நாடு ஏற்கனவே போதுமான அளவு செய்திருக்கிறது. வரும் ஆண்டில் காதைக் கொடுக்க வேண்டிய இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, பெண்கள் கையில் இருக்கும் பறை. திண்டுக்கல் சக்தி கலைக்குழு 1990களிலேயே சேரிப் பெண்பிள்ளைகளின் இடுப்பில் பறையைக் கட்டிவிட்டது. பொம்பள தொட்டால் தீட்டு என்று நம் ஆம்பளைகளே முணுமுணுத்த காலம் அது. இன்று கல்லூரிக்குக் கல்லூரி, தெருவுக்குத் தெரு அடிக்கிறார்கள். அவர்களில் யார் பழைய அடியை மட்டும் திருப்பி அடிக்கிறார்கள், யார் சொந்தமாகப் புது அடி கட்டுகிறார்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள். வித்தியாசம் காதுக்குத் தெரியும்.

இரண்டாவது, கானாவும் ராப்பும். 2024இல் அறிவு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பாட்டியின் பெயரையே தலைப்பாக்கித் தொகுப்புக் கொண்டுவந்தார். அதைக் கேட்டுவிட்டு எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடப் பையன்கள் தங்கள் பாட்டிமாரிடம் கதை கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கைபேசியில் பதிகிறார்கள், தாங்களே எதுகை போடுகிறார்கள். பாதி உளறல்தான். உளறட்டும். உளறாமல் எவனும் பேசக் கற்றதில்லை. ஆனால் தம்பிகளே, ஒரு விஷயம். அடுத்த சாதிக்காரனின் வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பாடினால் அது கலகம் ஆகாது. அரிவாளையும் மீசையையும் பாடினால் அது அவன் பாட்டின் நகல். பொம்பளையை இழிவாகப் பேசும் கானா எவன் பாடினாலும் நம் பட்டியலில் இல்லை.

மூன்றாவது, மொழி தெரியாத நம் உறவுகள். பஞ்சாப் ஜலந்தரிலிருந்து 2016 வாக்கில் சின்ன வயசிலேயே எழும்பிய கின்னி மாஹி, தன் சாதிப் பெயரை வசையாகச் சொன்னவர்களுக்கு அதே பெயரைப் பாட்டாக்கித் திருப்பிக் கொடுத்தாள். ஒடிசாவின் சுமீத் சமோஸ் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து ராப் பாடினார். வார்த்தை புரியாவிட்டாலும் ‘பாபாசாகேப்’ என்ற சொல் புரியும். அது போதும், மீதியை விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம்.

நாலாவது, சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு, கலைக்கு அடிக்க வருகிற குழுக்கள். இது நம் இயக்கத்துக்குள் பழைய சண்டை. பறை அடிமைச் சின்னம், கொளுத்து என்று ஒரு கட்சி. பறை விடுதலை ஆயுதம், கையிலெடு என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அடிக்க மறுத்ததற்காக அடி வாங்கிய அப்பனுக்குப் பறையைப் பார்த்தாலே வயிறு கலங்குகிறது. அதே பறையில் மகள் நிமிர்ந்து நிற்கிறாள். ரெண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். என் நிலை இதுதான்: கட்டாயத்தில் அடித்தால் அடிமைத்தனம். கூலியும் பெயரும் மறுக்கும் உரிமையும் கையில் இருந்து அடித்தால் கலை. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மேடை மாறியிருக்கிறதே தவிர நிலைமை மாறவில்லை.

இந்த அளவுகோலை எடுத்து எங்கள் ஏப்ரல் 14ஐ அளந்து பார்த்தேன். கூலி? ஐந்நூறு ரூபாய். பெயர்? இல்லை. மறுக்கும் உரிமை? அம்பேத்கர் விழாவுக்கு வரமாட்டேன் என்று எந்தப் பிள்ளை சொல்லும்? மூன்றிலும் நாங்கள் தோற்றோம். ஊர்த்தெரு மிராசுதாரன் செய்ததை நீலக்கொடி கட்டிய மேடையில் நாங்கள் செய்தோம். வழுவழுத்தாள் பத்திரிகையைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

“இயக்கத்துல காசு ஏது தோழர்?” என்று கேட்பீர்கள். தெரியும். இந்த இதழ் எப்படி வருகிறது என்பது அச்சகத்துக்காரருக்கும் எனக்கும் தெரியும். இல்லாத காசைக் கொடுக்கச் சொல்லவில்லை. இருக்கிற காசை எப்படிப் பிரிக்கிறோம் என்று கேட்கிறேன். பெயர் போடக் காசு ஆகாது. தலைவர் பெயரை ஒரு அளவு சிறிசாக்கினால் எட்டுப் பெயருக்கும் இடம் கிடைக்கும். தலைவர் கீழே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பறை கேட்பதற்கும் காசு ஆகாது. அவர் காதுக்கும் நல்லது.

அதனால் வாசகர் வட்டங்களுக்கும் மாணவர் தோழர்களுக்கும் நான் வைப்பது இவ்வளவுதான். குழுவின் பெயரும் ஆட்களின் பெயரும் இல்லாமல் நோட்டீசு அடிக்காதீர்கள். கூலியை முன்கூட்டியே பேசி, ஆட்டம் தொடங்கும் முன் கையில் கொடுங்கள். கூட்டம் சேர்க்கிற நேரத்தில் அல்லாமல், கூட்டம் நிறைந்து இருக்கிற நேரத்தில் மேடையைக் கொடுங்கள். யார் கார் வந்தாலும் நடுவில் நிறுத்தச் சொல்லாதீர்கள். அவர்களாக முடிக்கிற வரைக்கும் காத்திருக்கட்டும். பாடியவர் மேல் வழக்கோ மிரட்டலோ வந்தால், மறுநாள் காலையில் அவர் வீட்டு வாசலில் நாம் நிற்க வேண்டும். இந்த இதழில் இனிமேல் நிகழ்ச்சிச் செய்தி எழுதுகிறவர்கள், ‘பறை முழங்க’ என்று ஒரு வார்த்தையில் முடித்தால் அச்சேற்ற மாட்டேன். யார் முழக்கினார்கள் என்று எழுதி அனுப்புங்கள்.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை அந்தச் சேரிக்குப் போனேன். அந்தப் பெண்பிள்ளை வீட்டில்தான் இருந்தாள். திண்ணையில் அவள் தாத்தா. குழுவின் பெயரைக் கேட்டேன். சொன்னாள். எட்டுப் பேர் பெயரையும் அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். தாத்தாவின் பெயரையும் கேட்டேன். “எம் பேரு எதுக்கு சாமி?” என்றார் பெரியவர். சாமி என்று கூப்பிடாதீங்கய்யா என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் சொன்னார்.

வரும் ஏப்ரல் 14க்கு வருவீங்களா என்று கேட்டேன். உடனே சரி என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் சொல்லவில்லை.

“மொதல்ல நோட்டீசு அடிச்சு அனுப்புங்கண்ணே. பாத்துட்டுச் சொல்றோம்.”

ஜெய்பீம்.

- ஆசிரியர்